கடவுச்சீட்டும் கப்பலும்: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்திய வம்சாவளித் தமிழரின் எல்லைகடப்பு ஆவணங்கள் (1948 – 2003)

ஆய்வுச் சுருக்கம்

கடவுச்சீட்டு என்பது பொதுவாக ஒருவர் தம் நாட்டிலிருந்து புறப்பட்டு மீண்டும் தம் நாட்டுக்கே திரும்புவதற்கு உரிமையளிக்கும் ஆவணமாகும். இலங்கை மலையகத்தின் இந்திய வம்சாவளித் தமிழருக்கு அது இதற்கு மாறாக, வாழ்ந்த மண்ணில் தொடர்ந்து தங்கும் உரிமை முடிவடைந்ததற்கான சான்றாக அமைந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதல் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலான காலத்தில், இரு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்காத சூழலில் கடவுச்சீட்டு எத்தகைய பணியை ஆற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘குடியுரிமை வழங்கப்பட்டவர்’, ‘கப்பலேறியவர்’ ஆகிய இருவரில் எவரைக் கணக்கில் கொள்வது என்பதே ஒப்பந்தச் செயற்பாட்டின் மையச் சிக்கல் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கடவுச்சீட்டு, நாடற்றோர், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தாயகம் திரும்பியோர், மண்டபம் முகாம், மலையகத் தமிழர்.

முன்னுரை

இரு நாடுகளின் குடியுரிமையை ஒருங்கே உடைய ஒருவர் எல்லையைக் கடக்கும்போது எந்நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பது இன்றைய குடிவரவுச் சட்டங்கள் விரிவாகப் பேசும் வினாவாகும். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. இங்கு இரண்டு நாடுகளோடும் உறவுடைய ஒரு மக்கள் கூட்டம் இரண்டு நாடுகளாலும் தம்மவராக ஏற்கப்படாமல் நின்றது. இரட்டைக் குடியுரிமைக்கு வழியில்லாத இரு சட்ட அமைப்புகளுக்கு இடையே அம்மக்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. அத்தேர்வின் புறவடிவமே கடவுச்சீட்டு. மலையகத் தமிழர் குறித்த ஆய்வுகள் குடியுரிமைப் பறிப்பையும் ஒப்பந்தங்களின் அரசியலையும் விரிவாகப் பேசியுள்ளன. ஆவணம் என்னும் பொருளை மையப்படுத்தி அவ்வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் எல்லையாகும்.

கடவுச்சீட்டுக்கு முந்தைய எல்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் பிரித்தானியப் பேரரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் சென்றவர்களாகவே கருதப்பட்டனர். கங்காணி அழைத்துவந்த தொழிலாளிக்குக் கடவுச்சீட்டு வேண்டப்படவில்லை. ஆயினும் ஆவணமே இல்லாத பயணமாக அது இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தை அடையாளப்படுத்தும் தகரச் சீட்டுமுறை நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அவர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தியது. இவ்விரண்டும் தொழிலாளி எந்நாட்டவர் என்பதைச் சொல்லவில்லை. அவர் எத்தோட்டத்துக்குரியவர், எவ்வளவு கடன்பட்டவர் என்பதையே சொல்லின.

திருச்சிராப்பள்ளியில் இயங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆட்சேர்ப்பை ஒருங்கிணைத்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகியன முதன்மையான ஆட்சேர்ப்பு மாவட்டங்களாக இருந்தன. கொல்லிமலையை உள்ளடக்கிய இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்ததால், பழைய ஆவணங்களில் இடம்பெறும் ‘சேலம் ஜில்லா’ என்னும் சொல்லை இன்றைய மாவட்ட எல்லையோடு பொருத்திக் காண்பது பொருந்தாது. 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கிய பின்னர், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் தொழிலாளரின் வாயிலாயிற்று. அங்கு முதன்மையாகச் சோதிக்கப்பட்டது உடல்நலமே.

இந்நிலை படிப்படியாக மாறியது. 1939-இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புலம்பெயர்வதைத் தடைசெய்தது. 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் செயற்படத் தொடங்கியபோது, பாக்குநீரிணை முழுமையான பன்னாட்டு எல்லையாயிற்று. அதுவரை பேரரசின் குடிகளாக இருந்தோர் அன்றுமுதல் தாம் எந்நாட்டவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியவர் ஆயினர்.

இரு சட்டங்களுக்கு இடையே

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பிறப்பிடத்தை மட்டும் போதிய தகுதியாகக் கொள்ளவில்லை. இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவு முறையாக இல்லாத தோட்டங்களில் இச்சான்று எளிதில் கிட்டுவதன்று. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் பதிவின்வழிக் குடியுரிமைக்கு இடமளித்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டுமென்பது அதன் நிபந்தனை. ஏறத்தாழ 8,25,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்களில் 1,34,000 பேர் அளவினரே இறுதியில் குடியுரிமை பெற்றனர். உறவினரைக் காணத் தமிழகம் சென்றுவந்த பயணங்கள், ‘இடையறா வதிவு’ என்னும் நிபந்தனையின் முன் விண்ணப்பதாரருக்கு எதிரான சான்றாக அமையக்கூடியனவாக இருந்தன.

மறுகரையில் இந்திய அரசமைப்பின் 8-ஆம் உறுப்பு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்து குடியுரிமை பெற வழிவகுத்தது. 9-ஆம் உறுப்பு, தம் விருப்பத்தால் பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகன் அல்லர் என்றது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் இதனை உறுதிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த 1956-ஆம் ஆண்டு விதிகள், பிறநாட்டுக் கடவுச்சீட்டைப் பெறுவதையே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்றாகக் கொண்டன. எனவே கடவுச்சீட்டு பயண ஆவணம் என்பதைக் கடந்து குடியுரிமைத் தேர்வின் மெய்ப்பாகவே சட்டத்தில் நின்றது. பதிவுசெய்யாதோர் இந்தியாவின் பார்வையில் இந்தியக் குடிமக்கள் அல்லர். விண்ணப்பம் மறுக்கப்பட்டோர் இலங்கையின் பார்வையில் இலங்கையர் அல்லர். ‘நாடற்றோர்’ என்னும் நிலை இவ்விரண்டு ‘அல்லர்’களுக்கும் இடையே தோன்றியதாகும். 1954-ஆம் ஆண்டின் நேரு – கொத்தலாவல ஒப்பந்தம் இந்நிலையைத் தீர்க்கவில்லை.

ஒப்பந்தத்தின் விதிகள்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் நாடற்றோர் தொகையை 9,75,000 எனக் கணக்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர். குடியுரிமை வழங்கலும் திரும்பிச் செல்லலும் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றோடொன்று இணையாக நடைபெற வேண்டும் என்பது விதி.

இந்தியா செல்ல வேண்டியோர் புறப்படும்வரை இலங்கையில் வசிப்பதற்குக் கட்டணமற்ற நுழைவிசைவு உள்ளிட்ட வசதிகளைப் பெறலாம் என ஒப்பந்தம் கூறியது. வேலையில் இருப்போர் திரும்பும் நாள்வரை, அல்லது 55 வயதுவரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை பணியாற்றலாம். சேமநிதி, பணிக்கொடை உள்ளிட்ட தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்ச அளவு 4,000 ரூபாய்க்குக் குறைக்கப்படலாகாது. இவை பாதுகாப்பு விதிகளே எனினும், இவற்றின் உட்பொருள் நோக்கத்தக்கது. நேற்றுவரை தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்ற நாள்முதல் அதே லயத்து அறையில் நுழைவிசைவோடு தங்கும் அயல்நாட்டவர் ஆனார். இடம் மாறாமலே எல்லை அவரைக் கடந்துவிட்டது எனலாம்.

விண்ணப்பங்களோ ஒப்பந்தத்தின் விகிதத்துக்கு மாறாக அமைந்தன. இந்தியா ஏற்கவேண்டிய 6,00,000 பேருக்கு ஈடாக 5,06,000 பேரே இந்தியக் குடியுரிமை கோரினர். இலங்கைக் குடியுரிமை கோரியோர் அதற்கென ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையினும் மிகுந்திருந்தனர். மக்களின் விருப்பத்தைக் கேளாமல் எண்ணிக்கையை முன்னரே வகுத்ததன் விளைவு இது.

குடியுரிமை பெற்றவரா, கப்பலேறியவரா?

ஒப்பந்தத்தின் பங்கீடு ஏழுக்கு நான்கு என்னும் விகிதத்தை உடையது. ஏழு பேர் இந்தியாவுக்குரியவர் ஆனால் நால்வருக்கு இலங்கைக் குடியுரிமை. ஆனால் ஒருவர் ‘இந்தியாவுக்குரியவர்’ ஆவது எப்போது? 1967-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க ஒப்பந்தச் செயற்படுத்தற் சட்டம், இந்தியக் குடிமக்களாகப் பதிவுபெற்றோர் தொகையை அடிப்படையாகக் கொண்டது. 1971-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றி, உண்மையில் நாட்டைவிட்டுச் சென்றோர் தொகையை அடிப்படையாக்கியது. இதனால் இலங்கைக் குடியுரிமைக்குக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் நிலை, முன்பின் அறியாத வேறு ஏழு பேர் கப்பலேறுவதைச் சார்ந்ததாயிற்று. கடவுச்சீட்டு கையில் இருப்பது போதாது. அது துறைமுகத்தில் முத்திரையிடப்பட வேண்டும் என்பதே திருத்தத்தின் பொருள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு திங்களுக்குள், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர்க் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்தது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச்சென்ற தொடர்வண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். ஒரே குடும்பத்தினர் தனித்தனியே விண்ணப்பித்து வெவ்வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நிலையில், தாயகம் திரும்புதல் என்று அரசுகள் பெயரிட்ட பயணம் உறவுகளைப் பிரிக்கும் பயணமாகவும் இருந்தது. அரசு ஆவணங்களின் சொல்லுக்கும் மக்களின் சொல்லுக்கும் உள்ள இடைவெளி இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

தமிழகத்தில் இறங்கியோர்க்கு மண்டபம் முகாமே மீண்டும் வாயிலாயிற்று. நீலகிரியில் 1968-இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், 1969-இல் நிறுவப்பட்ட தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கியான ரெப்கோ, தொழிற்கடன்கள் ஆகியன மறுவாழ்வுக்கென அமைந்தன. ஆயினும் கடவுச்சீட்டில் இந்தியர் எனப்பட்டவர் தமிழகத்தில் ‘சிலோன்காரர்’ என்றே அறியப்பட்டார்.

எஞ்சியோரும் பின்விளைவுகளும்

ஏறத்தாழ 4,21,000 பேர் இந்தியக் குடியுரிமை பெற்றனர். அவர்களுள் 3,37,000 பேர் அளவினரே, ஒப்பந்தத்துக்குப்பின் பிறந்த தம் குழந்தைகளோடு இந்தியா வந்தனர். போர்ச் சூழலில் 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடைய ஏறத்தாழ 84,000 பேர் இலங்கையிலேயே எஞ்சினர். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென இந்தியா கருதியதால், கோரப்படாத 94,000 இடங்களுக்குரியோர்க்கு இலங்கை 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் குடியுரிமை வழங்க முன்வந்தது. கடவுச்சீட்டுப் பெற்று எஞ்சியோரின் நிலையோ தொடர்ந்தது. நாடற்றவர்க்குக் கிடைத்த தீர்வு, சட்டப்படி ஒரு நாட்டை உடைய இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்க இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கற் சட்டமே இதனைத் தீர்த்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அச்சட்டத்தால் குடியுரிமை பெற்றனர். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் இலங்கைக் குடியுரிமையை விரும்பி ஏற்பதாக உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. அவ்வுறுதிமொழி இந்தியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமையை நீக்கும் செயலும் ஆகும். ஒரே கையொப்பம் ஒரு நாட்டைத் தந்து மற்றொன்றை விலக்கியது.

மறுபுறம், 1983-க்குப் பின் ஏதிலியராகப் படகில் தமிழகம் வந்தோருள்ளும் இந்திய வம்சாவளியினர் இருந்தனர். மண்டபம் மூன்றாம் முறையாக வாயிலாயிற்று. முறையான கடவுச்சீட்டின்றி நுழைந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இதனால் பதிவின்வழிக் குடியுரிமை அவர்க்கு அடைபட்டது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு அதனைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2022-இல் அதே நீதிமன்றம், 1987 ஜூலை 1-க்கு முன் முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்பதால் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு பணித்தது. 2025 செப்டம்பரில் இந்திய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழ் ஏதிலியரைக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு இன்மைக்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கியது. எனினும் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இரட்டைக் குடியுரிமையை ஏற்காத இரு சட்டங்களிடையே கடவுச்சீட்டு குடியுரிமைத் தேர்வின் சான்றாகவும், வெளியேறும் கடப்பாட்டின் சான்றாகவும் ஒருங்கே செயற்பட்டது. இரண்டாவதாக, 1967-க்கும் 1971-க்கும் இடையிலான சட்ட மாற்றம், குடியுரிமை என்னும் சட்ட நிலையைவிடக் கப்பலேறுதல் என்னும் உடற்செயலையே அரசு மெய்யான எல்லைகடப்பாகக் கொண்டதைக் காட்டுகிறது. மூன்றாவதாக, 1964 ஒப்பந்தத்தின்கீழ் கடவுச்சீட்டுப் பெற்று வந்தவர் ‘தாயகம் திரும்பியோர்’ ஆகவும், அதே மரபினர் 1983-க்குப்பின் கடவுச்சீட்டின்றி வந்தபோது ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆகவும் ஆயினர். இருவரின் பூர்வீகமும் ஒன்று, வந்து இறங்கிய கரையும் ஒன்று, வேறுபட்டது ஆவணமே. இலங்கை 1987 முதல் வரையறைகளோடு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா அதனை ஏற்காது, கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டையை வழங்குகிறது. இவ்விரு வழிகளும் உரிய சான்றுகளை உடையோர்க்கே திறந்துள்ளன. முகாம்களில் தலைமுறைகளாக வாழ்வோரின் தோட்டப் பதிவுகள், பழைய விண்ணப்பங்கள், முன்னோரின் கடவுச்சீட்டுகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பாதுகாப்பது வரலாற்று ஆய்வின் தேவை மட்டுமன்று. அவர்களின் உரிமைக் கோரிக்கைக்கும் அதுவே அடிப்படையாகும்.