புகலிடம் தேடி மலேசியா வருபவருக்கு முதலில் என்ன தேவை?

வீடு? சாப்பாடு? ரெண்டும் வேணும்தான். ஆனால் இங்கே எல்லாமே ஓர் அட்டையில் தொடங்குகிறது.

ஏன் அப்படி?
1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டமும் அகதியைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும், அனுமதி இல்லாவிட்டால் ‘சட்டவிரோதக் குடியேறி’தான்.

அட்டையை யார் தர்றாங்க?
ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர். 1975இல், வியட்நாமியர்கள் படகில் வந்த காலத்தில், இங்கே பணியைத் தொடங்கியது. இன்று அதில் பதிந்தவர்களில் பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக ரோஹிங்யா மக்கள். இலங்கைத் தமிழர்களும் இருக்காங்க.

அட்டை வரும்வரை?
பதிவு, நேர்காணல் என்று மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதற்குள் காய்ச்சலோ பிரசவமோ வந்தால்?

• மருத்துவம்: அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். அட்டை இருந்தால் பாதி தள்ளுபடி. இல்லையென்றால், பிடிபடுவோமோ என்ற பயத்தில் பலர் போவதே இல்லை.
• வேலை: சட்டப்படி அனுமதி இல்லை. கட்டுமானத்திலோ உணவகத்திலோ வேலை கிடைத்தாலும், முதலாளி சம்பளம் தரலைன்னா புகார் செய்யத் தயங்குவார்கள்.
• படிப்பு: பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. தொண்டு அமைப்புகளும் அகதிச் சமூகங்களும் நடத்தும் கற்றல் மையங்கள்தான் வழி.

அட்டை கிடைச்சா எல்லாம் சரியாயிடுமா?
இல்லை. கைதாகும் ஆபத்து குறையலாம். ஆனால் அது விசாவோ வேலை அனுமதியோ அல்ல.

‘சட்டவிரோதக் குடியேறிகள் கைது’ என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது யோசிச்சுப் பாருங்க: அதில் அட்டைக்காகக் காத்திருந்தவரும் இருக்கலாம்.