ஓர் இல்லத்துக்கு ஒரு நாய்: சீன நகரங்களில் நாய் வளர்ப்பு வரம்புச் சட்டங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் இல்லத்தில் வளர்க்கப்படும் நாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் நகரச் சட்டங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அவற்றுள் சீன நகரங்களின் சட்டங்கள் விரிவான நடைமுறையும் தெளிவான வரலாற்றுப் படிநிலைகளும் கொண்டவை. பெய்ஜிங் நகரின் 1994, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களை மையமாகக் கொண்டு, குவாங்சோ, ஷாங்காய் நகரங்களின் சட்டங்களை ஒப்புநோக்கி, தடை, விலை, எண் என்னும் மூன்று கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக முதன்மை பெற்றதை இக்கட்டுரை ஆராய்கிறது. எண் வரம்பு கட்டண வரம்பைவிடச் சமத்துவமானதாக அமைந்தபோதிலும், நோய்த்தடுப்பு என்னும் தன் நோக்கத்தோடு அது நேரடியாகப் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவு.

குறிச்சொற்கள்: சீனா, பெய்ஜிங், நாய் வளர்ப்பு, நகரச் சட்டங்கள், இல்லப் பதிவு, வெறிநாய்க்கடி நோய்

முன்னுரை

2018ஆம் ஆண்டில் பெங்களூரு மாநகராட்சி, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு வீட்டுக்கு ஒரு நாய் எனவும், தனி வீட்டுக்கு மூன்று நாய்கள் எனவும் வரம்பு வகுத்து விதிகளை வெளியிட்டது. அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் அடிப்படை யாது, இரண்டாவது நாயால் விளையும் தீங்கு யாது என்னும் வினாக்கள் அப்போது முன்வைக்கப்பட்டன. இவ்வினாக்களைக் கால் நூற்றாண்டுக்கு மேலாக எதிர்கொண்டுவரும் நாடு சீனா. அங்கு நாய் வளர்ப்பை முறைப்படுத்தும் அதிகாரம் பெரும்பாலும் நகரங்களிடமே இருந்துவருகிறது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பைப் பல நகரங்களில் காவல்துறை ஏற்றுள்ளது. ஆகவே எண் வரம்பு எவ்வாறு தோன்றியது, யாரைத் தாக்கியது, எதைச் சாதித்தது என்பவற்றை ஆராய்வதற்குச் சீன நகரங்கள் ஏற்ற களமாகின்றன.

தடையின் காலம்

பெய்ஜிங் நகருக்கும் நாய்க்குமான உறவு பழமையானது. அரண்மனையில் வளர்க்கப்பட்ட பெக்கிங்கீஸ் என்னும் சிறு நாயினம் அந்நகரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. 1860இல் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடிய பிரித்தானியப் படையினர் அவ்வின நாய்கள் சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அவற்றுள் ஒன்று விக்டோரியா அரசிக்கு அளிக்கப்பட்டது.

1949க்குப் பின் இந்நிலை மாறியது. கொரியப் போரின்போது அமெரிக்கா கிருமிப் போர் நடத்துகிறது என்னும் குற்றச்சாட்டின் பின்னணியில், 1952இல் நாட்டுப்பற்றுச் சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டது. அக்கால நகரத் தூய்மைப் பணிகளின் ஒரு பகுதியாகத் தெருநாய்களும் வீட்டுநாய்களும் அழிக்கப்பட்டன. பொழுதுபோக்குக்காக நாய் வளர்ப்பது செல்வ வர்க்கத்தின் பழக்கமாகக் கருதப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் நகரங்களில் தானியச் சீட்டு முறை நிலைபெற்றது. சீட்டு மனிதருக்கு மட்டுமே உரியது. நாய்க்கு உணவளிக்க வேண்டுமானால் குடும்பத்தினரின் பங்கிலிருந்தே எடுக்க வேண்டும். இவ்வாறு சட்டம், கருத்தியல், உணவுப் பற்றாக்குறை ஆகிய மூன்றும் சேர்ந்து நகர வீடுகளிலிருந்து நாயை ஏறத்தாழ முற்றிலும் அகற்றின. ஊர்ப்புறங்களில் காவல் நாய்கள் தொடர்ந்து இருந்தன. நகரம், ஊர்ப்புறம் என்னும் இப்பாகுபாடு பிற்காலச் சட்டங்களிலும் நீடித்தது.

விலையின் காலம்: 1994ஆம் ஆண்டுச் சட்டம்

பொருளாதாரச் சீர்திருத்தங்களால் நகரங்களில் வருவாய் உயர்ந்தது; 1993இல் தானியச் சீட்டு முறை முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே பெய்ஜிங் வீடுகளில் சிறு நாய்கள் மீண்டும் தோன்றியிருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பெக்கிங்கீஸ் இனத்தவை. இவ்வளர்ச்சிக்கு நகர அரசு அளித்த விடையே 1994 நவம்பரில் நிறைவேறி, 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம். ‘நாய் வளர்ப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் விதிகள்’ என்பது அதன் பெயரின் பொருள்.

இச்சட்டத்தின் முதன்மைக் கருவி கட்டணம். நாயைப் பதிவுசெய்ய முதலாண்டில் 5,000 யுவானும், அடுத்து வரும் ஒவ்வோர் ஆண்டும் 2,000 யுவானும் செலுத்த வேண்டும். முதலாண்டுத் தொகை அக்காலச் சீன நகர ஊழியர் ஒருவரின் சராசரி ஆண்டு ஊதியத்தை நெருங்கியது. நகரின் மையப் பகுதிகளில் உயரம் 35 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நாய்களுக்கு இடமில்லை. இவ்வளவு உயர்ந்த கட்டணத்தின் முன் எண்ணிக்கை பற்றிய வினா பெரிதாக எழ வாய்ப்பில்லை. ஒரு நாய்க்கே ஓராண்டு ஊதியத்தைச் செலுத்த வேண்டியிருந்த நிலையில், இரண்டாவது நாய் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே.

விலைவழிக் கட்டுப்பாட்டின் விளைவு இருவகைப்பட்டது. வசதி படைத்தோர் பணம் செலுத்திச் சட்டத்துக்குள் வந்தனர். ஏனையோரில் பலர் நாயைக் கைவிடாமல் சட்டத்துக்கு வெளியே வளர்த்தனர். இரவில் மட்டும் வெளியே கொண்டுசெல்வது, குரைப்பொலி அண்டை வீட்டாருக்குக் கேளாதவாறு காப்பது என நாய் வளர்ப்பு மறைவான செயலாயிற்று. பதிவு ஏட்டில் தோன்றாத நாய் அரசின் பார்வையிலிருந்தும், பல வேளைகளில் தடுப்பூசியிலிருந்தும் விலகிநின்றது.

எண்ணின் காலம்: 2003ஆம் ஆண்டுச் சட்டம்

2003 செப்டம்பரில் பெய்ஜிங் மக்கள் பேரவையின் நிலைக்குழு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அது அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து ‘கடுமையாகக் கட்டுப்படுத்தும்’ என்னும் தொடர் நீங்கி, ‘மேலாண்மை’ என்னும் சொல் இடம்பெற்றது. முதலாண்டுக் கட்டணம் 1,000 யுவானாகவும், பின்னைய ஆண்டுக் கட்டணம் 500 யுவானாகவும் குறைந்தது. கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கும், வறுமையில் தனித்து வாழும் முதியோரின் நாய்க்கும் முதலாண்டுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்குக் கட்டணமே இல்லை.

விலைச்சுவர் தாழ்ந்ததும் எண் வரம்பு முன்னுக்கு வந்தது. மையப் பகுதியின் எட்டு மாவட்டங்கள் ‘முதன்மை மேலாண்மைப் பகுதி’ என வரையறுக்கப்பட்டன. அங்கு ஓர் இல்லத்துக்கு ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம். மூர்க்க இன நாய்களும் பெரிய நாய்களும் கூடா. பெரிய நாய் என்பதற்குரிய அளவுகோல் 35 சென்டிமீட்டராகவே நீடித்தது. தியானன்மென் சதுக்கத்திலும் சாங்ஆன் பெருஞ்சாலையிலும் நாயுடன் உலாவுதல் தடைசெய்யப்பட்டது. மின்தூக்கியில் நெரிசல் மிக்க வேளைகளில் நாயுடன் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும் என்னும் அளவுக்கு விதிகள் நுணுகிச்சென்றன.

இதே படிநிலையைப் பிற நகரங்களிலும் காணமுடிகிறது. குவாங்சோ நகரில் 10,000 யுவானாக இருந்த பதிவுக் கட்டணம், 2009 ஜூலை முதல் முதலாண்டுக்கு 500 யுவானாகக் குறைந்தது. அச்சட்டமும் இல்லத்துக்கு ஒரு நாய் என வரம்பு விதித்தது. ஷாங்காய் நகரில் 2011 மே 15இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உள்வட்டச் சாலைக்குள் 2,000 யுவானாக இருந்த கட்டணத்தை 500 யுவானாகக் குறைத்து, இல்லத்துக்கு ஒன்று என்னும் வரம்பை வகுத்தது. வளர்ப்பு நாய் குட்டி ஈன்றால், வரம்புக்கு மேற்பட்ட குட்டிகளை மூன்று மாதங்களுக்குள் பிறருக்கு அளிக்கவோ காப்பகத்தில் ஒப்படைக்கவோ வேண்டும் எனவும் அச்சட்டம் கூறியது. மூன்று நகரங்களிலும் கட்டணம் இறங்கிய அதே சட்டத்தில் எண் வரம்பு அழுத்தம் பெற்றிருப்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை. பணத்தால் தடுக்கப்பட்டோருக்கு வழி திறந்த அரசு, நாய்களின் மொத்தத் தொகை பெருகாமலிருக்க எண்ணைப் பற்றிக்கொண்டது எனலாம்.

இல்லம் என்னும் அலகு

இவ்வரம்பை மேலைநாட்டுச் செய்தித்தாள்கள் பலவும் ‘ஒரு குழந்தைக் கொள்கை’யோடு ஒப்பிட்டு எழுதின. எண்ணின் ஒற்றுமையால் எழுந்த இவ்வொப்புமை சட்டத்தின் செயல்முறையை விளக்கப் போதுமானதாக இல்லை. இதன் வேர் இல்லப் பதிவு முறையில் உள்ளது. 1958ஆம் ஆண்டின் இல்லப் பதிவு விதிகளுக்குப் பின் உணவுப் பங்கீடு, குடியிருப்பு, கல்வி எனப் பலவும் பதிவுபெற்ற இல்லத்தின் வழியாகவே நகர மக்களை அடைந்தன. அரசு மக்களைக் காணும் கண்ணாடியாக இல்லமே விளங்கியது.

பெய்ஜிங் சட்டமும் நாயை இல்லத்தின் வழியாகவே கண்டது. நாய் வளர்க்க விரும்புவோர் சட்டப்படியான அடையாளச் சான்று உடையவராக இருத்தல் வேண்டும். நிலையான இருப்பிடத்தில் பிற குடும்பத்தாருடன் பகிராது தனி இல்லமாக வாழ்தல் வேண்டும். அதற்கு முன் குடியிருப்போர் குழுவின் இசைவைப் பெற்று, கடமைகளை நிறைவேற்றுவதாக உறுதிப்பத்திரமும் எழுதித்தர வேண்டும். பழைய முற்றவீடுகளிலும் பகிர்வு வீடுகளிலும் வாழ்ந்தோருக்கும், வேறு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்து கூட்டாக வாடகைக்குத் தங்கியோருக்கும் ‘தனி இல்லம்’ என்னும் நிபந்தனையே முதல் தடையாக அமைந்தது. வரம்பு எண்ணில் சமமாகத் தோன்றினும், எண்ணப்படும் இல்லமாக ஏற்கப்படுவதில் ஏற்றத்தாழ்வு இருந்தது.

இல்லத்தை அலகாகக் கொள்வதில் மற்றொரு சிக்கலும் உண்டு. விசாலமான வீட்டுக்கும் ஓரறை வீட்டுக்கும் ஒரே எண். தனித்தனியே பதிவுபெற்ற நாய் வைத்திருக்கும் இருவர் மணம் புரிந்து ஓரில்லத்தில் குடியேறினால், முந்தைய நாள்வரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த நாய்களுள் ஒன்று வரம்பு மீறியதாகிவிடும். அந்த நாய் எவரையும் கடித்திராது. எவருக்கும் இடையூறு செய்திராது. கூட்டல் கணக்கே அதன் குற்றம்.

2006: வரம்பும் நோயும்

எண் வரம்புக்கு அரசு கூறிய காரணங்களுள் முதன்மையானது ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். அந்நோய் குறித்த அச்சம் வெறும் சாக்கன்று. சீனாவில் 1996இல் 159ஆகப் பதிவான மனித நோயாளர் தொகை, 2007இல் 3,300ஆக உயர்ந்தது. நோய்க்குறிகள் தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை என்பதால், இவ்வெண்கள் இறப்புகளையே குறிக்கின்றன எனலாம். 2006ஆம் ஆண்டு யுன்னான் மாநிலத்தின் மௌதிங் வட்டத்தில் மூவர் இந்நோயால் இறந்ததை அடுத்து, ஐந்து நாள்களில் 50,000க்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. தடுப்பூசி இடப்பட்ட நாய்களும் அவற்றுள் இருந்தன.

அவ்வாண்டு நவம்பரில் பெய்ஜிங் காவல்துறை, இல்லத்துக்கு ஒன்று என்னும் விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்தும் இயக்கத்தை அறிவித்தது. பதிவில்லாத நாய்களும் உயர வரம்பை மீறிய நாய்களும் கைப்பற்றப்பட்டன. நவம்பர் 11 அன்று நூற்றுக்கணக்கானோர் பெய்ஜிங் விலங்குக் காட்சிச்சாலைக்கு அருகே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுவிடத்தில் கூடி எதிர்ப்பது அரிதாகவே நிகழும் தலைநகரில், நாய்க்காக இத்தனை பேர் கூடியது குறிப்பிடத்தக்கது. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் நாயைத் துணையாகக் கொண்ட முதியோர் முதல் இளம் ஊழியர் வரை பலருக்கும், நாய் குடும்ப உறுப்பினராகவே மாறியிருந்தது. இல்லத்தை அரசு எண்ணும் முறையும், இல்லத்தார் தம்மை எண்ணிக்கொள்ளும் முறையும் வேறுபட்டுவிட்டதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

நோய்த்தடுப்பின் நோக்கில் இவ்வரம்பை மதிப்பிடுதல் இன்றியமையாதது. ஒரு பகுதியின் நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி இட்டால் நோயின் பரவலை நிறுத்தலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலைப்பாடு. இங்குத் தேவைப்படும் எண் விழுக்காடு. ஓர் இல்லத்தில் உள்ள நாய்களின் தொகை அன்று. தடுப்பூசி இடப்பட்ட இரு நாய்கள் உள்ள வீடு, தடுப்பூசி இடப்படாத ஒரு நாய் உள்ள வீட்டைவிடப் பாதுகாப்பானது. எண் வரம்போ இரண்டாவது நாயைப் பதிவுக்கு அப்பால் தள்ளுகிறது. பறிமுதலுக்கு அஞ்சும் உரிமையாளர் அந்நாயை அரசின் கண்ணில் காட்டத் தயங்குவார். இவ்வாறு, நோயைத் தடுக்க வகுத்த விதி, தடுப்பூசி சென்றடைய வேண்டிய நாய்களையே மறைத்துவைக்கத் தூண்டுகிறது. 1995ஆம் ஆண்டின் உயர்கட்டணம் விளைவித்த அதே மறைவை, சிறிய அளவில், எண் வரம்பும் விளைவித்தது.

எண்ணுக்கு அப்பால்

2017ஆம் ஆண்டில் சீன நகரங்கள் இருவேறு வழிகளில் சென்றன. சிங்தாவோ நகரம் இல்லத்துக்கு ஒரு நாய் என்னும் வரம்பை அறிவித்ததோடு, மூர்க்கமானவை எனக் கருதிய நாற்பது இனங்களைத் தடைசெய்தது. ஜீனான் நகரமோ புள்ளி முறையைத் தொடங்கியது. உரிமையாளருக்கு 12 புள்ளிகள் வழங்கப்படும். வார் இன்றி நாயை வெளியே கொண்டுசெல்லுதல், கழிவை அகற்றாமை போன்ற தவறுகளுக்குப் புள்ளிகள் குறையும். அனைத்தையும் இழந்தவர் நாயையும் இழப்பார். விதிகள் பற்றிய தேர்வில் தேறினால் மீட்டுக்கொள்ளலாம். இங்குக் கணக்கிடப்படுவது உரிமையாளரின் நடத்தை.

2021 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விலங்கு நோய்த்தடுப்புச் சட்டம், நாய் உரிமையாளர் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி இடுவித்து, அச்சான்றுடன் நாயைப் பதிவுசெய்ய வேண்டும் என நாடு முழுமைக்கும் விதித்தது. வெளியே செல்லும் நாய்க்கு வார் கட்டாயமாயிற்று. ஓர் இல்லத்தில் எத்தனை நாய்கள் இருக்கலாம் என இச்சட்டம் கூறவில்லை. அம்முடிவு நகரங்களிடமே உள்ளது. இதற்கிடையே மனித நோயாளர் தொகை 2020 அளவில் ஆண்டுக்குச் சில நூறாகக் குறைந்திருந்தது. நாய்களுக்கு இடும் தடுப்பூசியும், கடிபட்டோருக்கு விரைந்தளிக்கும் சிகிச்சையும் இவ்வீழ்ச்சிக்குப் பெரிதும் துணைநின்றவை. நகரங்களில் வளர்ப்பு நாய்களின் தொகை பெருகிவந்த காலத்திலேயே நோய் குறைந்தது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

சீன நகரங்களில் நாய் வளர்ப்புக் கட்டுப்பாடு தடையில் தொடங்கி, விலையைக் கடந்து, எண்ணை அடைந்தது. தடை அனைவரையும் விலக்கியது. விலை ஏழையரை விலக்கியது. எண் இரண்டாவது நாயை விலக்கியது. இவ்வரிசையில் எண் வரம்பே ஒப்பளவில் நேர்மையானது. பல்லாயிரம் குடும்பங்கள் அச்சமின்றி ஒரு நாயேனும் வளர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது என்பதை மறுக்கவியலாது. எனினும், எண்ணுவதற்கு எளிது என்பதே அவ்வரம்பின் முதன்மை வலிமை. கடி, குரைப்பு, கழிவு, நோய் ஆகிய நான்கும் உரிமையாளரின் பொறுப்பைச் சார்ந்தவை. பொறுப்பை அளப்பது கடினம், தலையை எண்ணுவது எளிது. எளிதாக எண்ணக்கூடியதை விதியாக்கும் நிருவாக வழக்கத்தின் சான்றாகவே ‘ஓர் இல்லத்துக்கு ஒரு நாய்’ என்னும் விதியைக் கொள்ளலாம். இத்தகைய வரம்பைக் கருதும் எந்நகரமும், வரம்புக்கு வெளியே நிற்கப்போகும் நாய்க்குத் தடுப்பூசி எவ்வாறு சென்றடையும் என்னும் வினாவுக்கு முதலில் விடை காணவேண்டும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.