திரும்பி வராத நிரல்: டெக்கின் 53ஆம் பிரிவை முன்வைத்து

நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒன்றாக எழுதும் லிட்டரேட் புரோகிராமிங் ஆவணமும் அதிலிருந்து பிறக்கும் நிரல் கோப்பும் நாளடைவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைப் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார், டொனால்ட் கனூத் தம் வெப் அமைப்பில் இச்சிக்கலைக் கருதவே இல்லை என்கின்றனர். ஆவணத்திலிருந்து நிரலைப் பிரித்தெடுக்கும் டேங்கிள் ஒருவழியாக மட்டும் இயங்குவது 1980களின் கருவிக் குறைபாடு என்பதும், நிரலில் செய்த திருத்தம் ஆவணத்துக்குத் திரும்பினால் குறை நீங்கும் என்பதும் அவர்கள் முடிவு. கனூத்தின் அச்சுக்கோப்பு நிரலான டெக்கின் மூல ஆவணம் வேறு திசையைக் காட்டுகிறது.

டெக்கின் வெப் மூலத்திலிருந்து டேங்கிள் இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்று பாஸ்கல் நிரல். மற்றது செய்திச் சரங்களைத் தாங்கிய பூல் கோப்பு. பூல் கோப்பின் கடைசி வரியில் ஓர் உடுக்குறியும் ஒன்பது இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். அதே எண் பாஸ்கல் நிரலுக்குள்ளும் பதிக்கப்படுகிறது. டெக்கின் தொடக்கப் பதிப்பான இனிடெக் தொடங்கும்போது இரண்டையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால், மீண்டும் டேங்கிள் செய்யும்படி சொல்லி நின்றுவிடுகிறது. மூல ஆவணத்தின் 53ஆம் பிரிவு செய்வது இதைத்தான். இனிடெக் உருவாக்கும் ஃபார்மட் கோப்பிலும் இதே எண் எழுதப்பட்டு, ஏற்றும்போது சோதிக்கப்படுகிறது.

தவறான கோப்பை நிறுவிவிடாமல் காக்கும் சிறு ஏற்பாடு என்றே இப்பிரிவை வாசித்து வந்திருக்கிறார்கள். அந்த வாசிப்பு பிழையன்று. போதாது என்பதே என் கருத்து. பூல் கோப்பின் ஒரு வரியைக் கையால் மாற்றி, கடைசி எண்ணைத் தொடாமல் விட்டால் இனிடெக் அதைக் கண்டுபிடிக்காது. படித்த சரங்களிலிருந்து அது எண்ணைப் புதிதாகக் கணக்கிடுவதில்லை. சரங்களைத் தொடாத நிரல் மாற்றமும் எண்ணை மாற்றாது. சோதனை பலவீனமானது என்று இதைக் கொண்டு வாதிடலாம். எனக்கோ, எண்ணின் பொருளே இங்குதான் தெளிவாகிறது. இரு கோப்புகளும் ஒரே மூலத்தின் பிள்ளைகளா என்பதையே அது கேட்கிறது. இல்லையென்றால், கோப்பைச் சரிசெய்யச் சொல்லாமல் மூலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஒத்திசைவைக் கருதாத ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியுமா?

மாற்றக் கோப்புகளும் இதையே உறுதிசெய்கின்றன. டெக்கை வேறு கணினிக்குக் கொண்டுசெல்பவர் மூல ஆவணத்தைத் தொடுவதில்லை. பழைய வரிகளையும் புதிய வரிகளையும் தனிக் கோப்பில் எழுதுகிறார். டேங்கிள், ஆவணத்தை அச்சுக்குத் தயாரிக்கும் வீவ் இரண்டும் அதைப் படிக்கின்றன. மூலம் புதுப்பிக்கப்பட்டுப் பழைய வரிகள் பொருந்தாமல் போனால் பிழைச்செய்தி வருகிறது.

திரும்பும் வழி ஏன் இல்லை என்பதற்கு டேங்கிளின் செயலே விடை. மேக்ரோக்கள் விரிகின்றன, மாறிலிகளின் கூட்டல் கழித்தல் அப்போதே முடிந்துவிடுகிறது, பெயர்களின் அடிக்கோடுகள் உதிர்கின்றன. ஒரே துண்டு இரண்டு இடங்களில் விரிந்து, ஓரிடத்தில் மட்டும் திருத்தப்பட்டால் எதை மூலத்தில் ஏற்பது? ஈமாக்ஸின் ஆர்க்-மோடில் உள்ள டீடேங்கிள், இணைப்புக் குறிப்புகளின் துணையால் தனித்தொகுதிகளைத் திருப்பிக் கொணர்கிறது, அது பயனுள்ளதே. ஆனால் மேற்கண்ட கேள்விக்கு எந்தக் கருவியும் தானாக விடை சொல்ல முடியாது. பிழை தேடுவோர்க்கு நிரல் கோப்பே வசதி என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது: டேங்கிள் விட்டுவைக்கும் பிரிவு எண்களும், வெப்பின் சி மொழி வடிவமான சிவெப் இடும் வரிக்குறிப்புகளும் தேடுபவரை மூலத்துக்கே அழைத்துச் செல்கின்றன.

ஆகவே இன்று கருவி செய்வோர், ஆவணம் முழுவதிலிருந்தும் கணக்கிட்ட எண்ணையும் நிரல் உள்ளடக்கத்தின் எண்ணையும் ஒவ்வொரு கோப்பிலும் பதிக்க வேண்டும். ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டால் தொகுப்பை நிறுத்த வேண்டும். திருப்பி எழுதும் வசதியை அதற்குப் பிறகு சேர்க்கட்டும்.