மேடும் மிதிவண்டியும்

சிராங்கூன் சாலை சமநிலம். அங்கே ஒரே கியர் போதும். ஃபேபர் மலைச் சாலையில் என் மாணவர் ஒருவர் பெரிய கியரிலேயே ஏறி, பாதியில் இறங்கித் தள்ளினார். சிறிய கியருக்கு மாற்ற வெட்கமாம்! அவ்வெட்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் கணக்கு. முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 16 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றப் பின்சக்கரம் மும்முறை சுற்றும். இரண்டிலும் 32 பற்கள் இருப்பின் ஒருமுறையே சுற்றும். கடக்கும் தொலைவு மூன்றிலொன்றாகும். மிதிக்கும் விசையும் அவ்வாறே குறையும். மேட்டிற்கு உரியது இதுவே.

பிரான்சில் பால் தெ விவி (1853–1930) பல கியர்களின் பயனை அயராது வலியுறுத்தினார். 1903இல் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்சோ, அவை வீரர்க்கு இழுக்கெனக் கருதினார். எனவே வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இருபுறமும் பற்சக்கரம் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினர். சங்கிலியை இடம் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பெற்றது 1937இல்தான்.

இத்தகைய கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஷிமானோ நிறுவனம், ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தோன்றியது. 1973இல் சிங்கப்பூரில் கிளை நிறுவியது. உயர்ந்த குன்றே 164 மீட்டர்தான் உள்ள நம் தீவிலிருந்து உலகின் மலைகளுக்குக் கியர் பாகங்கள் சென்றன!

மாணவர்களே, மேட்டில் சிறிய கியரைத் தேர்வது தோல்வியன்று. தன் வலிமையின் அளவறிந்தவரே உச்சியைக் காண்பர்.