பைத்தான் எங்கே குடியிருக்கிறது? ஒரு கோப்புறையின் கால் நூற்றாண்டு

பைத்தானில் ஒரு பேக்கேஜை நிறுவி முடித்த பிறகும் 'மாட்யூல் இல்லை' என்று பிழைச் செய்தி வருவது நிரலாளர்களுக்குப் பழகிய தொல்லை. பெரும்பாலும் பேக்கேஜ் எங்கும் தொலைந்திருக்காது. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்க, ஒன்றின் கோப்புறைக்குள் அது போயிருக்கும். ஓடுவது வேறொன்றாக இருக்கும். இந்தக் குழப்பத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது. கோப்புறையின் இடத்தைத் தொழில்நுட்பத் தேவை தீர்மானித்ததைவிட, கணினியில் மென்பொருளைப் போடவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியே அதிகம் தீர்மானித்திருக்கிறது.

கைடோ வான் ராசம் 1991-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்திலிருந்து பைத்தானை வெளியிட்டார். யூனிக்ஸ் மரபில் இயங்குதளத்துக்கு உரியவை 'யூஎஸ்ஆர்' கோப்புறையில் இருக்கும். நிர்வாகி தாமாகச் சேர்ப்பவை அதற்குள் இருக்கும் 'லோக்கல்' கோப்புறைக்குப் போகும். மூல நிரலிலிருந்து கட்டப்படும் பைத்தான் இன்றும் இயல்பாக 'லோக்கல்'-இல்தான் அமர்கிறது. 1997 இறுதியில் வந்த 1.5 பதிப்பு, மொழியோடு வரும் நூலகத்திலிருந்து பிறர் எழுதிய பேக்கேஜ்களைப் பிரித்து, அவற்றுக்கு 'சைட்-பேக்கேஜஸ்' என்ற தனி இடத்தைக் கொடுத்தது.

தன் இருப்பிடத்தைப் பைத்தான் தானே தேடிக்கொள்ளும் விதம் அழகானது. முதலில் தன் இயக்கக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கும். அங்கிருந்து ஒவ்வொரு கோப்புறையாக மேலேறி, நூலகத்தின் 'ஓஎஸ்.பிஒய்' கோப்பு தென்படுகிறதா என்று தேடும். கிடைத்த இடமே வேர். கட்டும்போது எழுதிவைத்த முகவரி கடைசிப் புகல் மட்டுமே. 2012-இல் 3.3 பதிப்போடு வந்த, தனிச் சூழல் அமைக்கும் 'வென்வ்' வசதி இந்தத் தேடலின் மேல்தான் நிற்கிறது: இயக்கக் கோப்பின் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற சிறு உரைக்கோப்பு இருந்தால், நூலகம் மூலப் பைத்தானிலிருந்தும் பேக்கேஜ்கள் அந்தத் தனிச் சூழலிலிருந்தும் எடுக்கப்படும்.

விண்டோஸின் கதை வேறு. அங்கே பேக்கேஜ்கள் தொடக்கத்தில் பைத்தானின் தலைமைக் கோப்புறையிலேயே கொட்டிக் கிடந்தன. பால் மூர் 2001-இல் எழுதிய பெப் 250 முன்மொழிவை ஏற்று, 2.2 பதிப்பிலிருந்து 'லிப்' கோப்புறைக்குள் சைட்-பேக்கேஜஸ் வந்தது. ஆனால் மொழி மட்டும் நெடுங்காலம் 'சி' டிரைவின் வேரிலேயே, 'பைத்தான்27' போன்ற பெயர்களில் இருந்தது. வேரில் உருவாகும் கோப்புறையில் அந்தக் கணினியின் மற்றப் பயனர்களும் எழுத முடியும் என்பது பாதுகாப்புக் குறை. 2015-இல் வந்த 3.5 பதிப்பு, பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் நிறுவுவதை இயல்பாக்கியது. தேடுபவருக்கு முகவரி நீண்டுவிட்டது; ஆனாலும் சரியான முடிவு அது.

மேக்கில் பைத்தான் இணையதளத்தின் நிறுவி 'லைப்ரரி'யின் 'ஃப்ரேம்வொர்க்ஸ்' பகுதிக்குப் போகிறது. மென்பொருள் நிறுவும் ஹோம்ப்ரூ கருவி, ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் 'ஆப்ட்/ஹோம்ப்ரூ'வுக்கு.

அதிகாரப் போட்டி வெளிப்படையானது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில்தான். நிர்வாகி தாமே கட்டிய பைத்தானும் டெபியனின் பைத்தானும் 'லோக்கல்'-இல் ஒரே சைட்-பேக்கேஜஸை வாசித்து, ஒன்றின் பேக்கேஜ் மற்றதைக் கெடுத்தது. 2.6 பதிப்பிலிருந்து டெபியன் தன் பைத்தானின் பேக்கேஜ் கோப்புறைக்கு 'டிஸ்ட்-பேக்கேஜஸ்' என்று வேறு பெயரிட்டது. புதியவர்களை இது இன்றும் திகைக்க வைக்கிறது. ஆனால் இயங்குதளத்தின் கருவிகளே பைத்தானில் ஓடும்போது, அந்தச் சுவர் தேவைப்பட்டது.

மற்றொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் இன்னொரு பிரிவு: பைத்தானிலேயே எழுதப்பட்டவை 'லிப்'-இல், சி மொழியில் கட்டப்பட்டவை 'லிப்64'-இல். இத்தனை கிளைகளுக்குப் பிறகு பாதையை மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. 2.7, 3.2 பதிப்புகளில் வந்த 'சிஸ்கான்ஃபிக்' மாட்யூலிடம் கேட்டால், அப்போது ஓடும் பைத்தானின் ஒவ்வொரு கோப்புறையையும் அதுவே சொல்லும்.

2023-இல் வந்த டெபியன் 12, பெப் 668-ஐப் பின்பற்றி நூலகக் கோப்புறைக்குள் ஓர் அடையாளக் கோப்பை வைத்தது. அதைக் கண்டதும், பேக்கேஜ்களை நிறுவும் 'பிப்' கருவி, இயங்குதளத்தின் பைத்தானில் நேரடியாக எதையும் நிறுவ மறுத்து, தனிச் சூழல் அமைக்கச் சொல்கிறது. மீறித்தான் ஆக வேண்டுமென்றால், கட்டளையோடு 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று பயனரே தட்டச்சிட வேண்டும்.