யந்திரத்தின் மிச்சம்

யந்திரம் வந்தால் தொழிலாளி அதனை எதிர்த்து உடைத்தல் வேண்டும். இன்றேல் அதற்குப் பணிந்து வேலையைத் துறத்தல் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். மூன்றாவது வழியொன்றும் உண்டு என்பதை அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளரின் வரலாறு காட்டுகின்றது.

முற்காலத்தில் மூட்டைகளும் பீப்பாய்களும் பெரும்பாலும் மனிதர் கைகளாலேயே கப்பலில் ஏறின, இறங்கின. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெரும் உலோகப் பெட்டிகளைச் சுமந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கைப் பிரிக்காமல் பெட்டியோடு லாரியிலிருந்து கப்பலுக்கு மாற்றும் இம்முறை பரவினால், பலருடைய வேலையைச் சிலரே முடித்துவிடுவர் என்பது தெளிவாயிற்று.

மேற்குக் கரைச் சங்கத்தின் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ், 1934-இல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். அப்போராட்டத்தின் பின் சங்கம் வலுப்பெற்று, தூக்கும் சுமைக்கு எல்லை வகுத்தது. அவ்விதிகள் யந்திரத்துக்கு அணையாக நின்றன. அணை என்றும் தாங்காது என்பதைச் சங்கம் உணர்ந்தது. 1960 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. சங்கம் பழைய விதிகளைத் தளர்த்த இசைந்தது. முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டாலர் நிதி அளிக்க இசைந்தனர். முன்கூட்டியே ஓய்வு பெறுவோருக்கு உதவி கிடைத்தது. முழுப் பதிவு பெற்றோரை யந்திரத்தின் பொருட்டு நீக்கலாகாது என்பதும் உறுதியாயிற்று.

இதனைக் குறையற்ற ஏற்பாடென்று கொள்ளற்க. இரண்டாம் பட்டியலில் இருந்த தொழிலாளருக்கு அந்நிதியின் பயன் எட்டவில்லை. எவரும் நீக்கப்படாவிடினும், ஓய்வு பெற்றோரின் இடங்கள் பல பின்னர் நிரம்பவில்லை. தந்தை செய்த தொழில் மைந்தனுக்குக் கிட்டாது போயிற்று. பெட்டிகளில் சரக்கை அடைக்கும் வேலை எவருக்கு உரியது என்ற வழக்கும் வளர்ந்தது. 1971 ஜூலை முதல் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது.

எனினும் அத்தொழிலாளர் எழுப்பிய வினா இன்றும் பழுதுபடவில்லை. யந்திரம் உழைப்பை மிச்சப்படுத்துகின்றது. அந்த மிச்சம் யாருக்கு உரியது? அதனை அவர்கள் கேட்ட காலம் நம் கவனத்துக்குரியது. வேலை முற்றும் பறிபோன பின் கேட்பவனுக்குக் கிடைப்பது இரக்கம். கையில் வலுவிருக்கும்போதே கேட்பவனுக்குக் கிடைப்பது பங்கு. அப்பங்கு பட்டியலின் கடைசிப் பெயர்வரை சென்று சேர்ந்ததா என்று பார்ப்பதே சமுதாயத்தின் கடமையாகும்.