ஆங்கிலப் புனைவியல் கவிதையில் டெல்லியும் அதன் மக்களும்

ஆங்கிலத்தில் புனைவியல் கவிதை (ரொமாண்டிக் கவிதை) செழித்தது ஏறத்தாழ 1790 முதல் 1830 வரை. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் வேகமாக நாடு பிடித்ததும் அதே நாற்பது ஆண்டுகளில்தான். ஆனாலும் அந்தக் கவிதைகளில் டெல்லி அன்னியர் ஆளும் ஊராக வருவதில்லை. முகலாயர் காலத்துப் பூந்தோட்டமாகவே வருகிறது. 1817-இல் தாமஸ் மூர் வெளியிட்ட ‘லாலா ரூக்’, ஔரங்கசீப்பின் மகள் டெல்லியிலிருந்து காஷ்மீருக்கு மணமகளாகப் போகும் கதை. அதற்கு லாங்மன் பதிப்பகம் கொடுத்த விலை 3,000 கினி. மூர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அப்போது டெல்லி கம்பெனியிடம் போய் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. முகலாய பாதுஷா இரண்டாம் அக்பர் கம்பெனி அளந்த படியில் செங்கோட்டையில் காலம் தள்ளினார். இருபதை எட்டாத உருதுக் கவிஞர் காலிப் அதே ஊரில் கஜல் எழுதிக்கொண்டிருந்தார்.

நேரில் பார்க்காததால் வந்த குறை இது என்பார்கள். பாதி உண்மைதான். பிஷப் ஹீபர் 1819-இல் வேல்ஸில் இருந்தபடி எழுதிய மிஷனரிப் பாட்டு, இலங்கையின் இயற்கையைப் புகழ்ந்து மனிதரை இழித்தது. அவரே 1824 இறுதியில் டெல்லி வந்து கிழட்டுப் பாதுஷாவைக் கண்டு இரங்கி நாட்குறிப்பு எழுதினார். 1826-இல் திருச்சியில் இறந்தார். ஆனால் இரக்கம் உரைநடையில் தங்கிவிட்டது, ஊர் ஊராகப் பரவியது பாட்டு. 1925-இல் காந்தி கல்கத்தாவில் பாதிரிமாரிடம் அந்தப் பாட்டைச் சொல்லி வருந்தினார். நூறாண்டு கடந்தும் முள் எடுபடவில்லை.

மூர் அயர்லாந்துக்காரர், ‘லாலா ரூக்’கில் அராபியரை எதிர்க்கும் பாரசீக நெருப்பு வணங்கிகள் உண்மையில் ஐரிஷ்காரர்களே, ஆகவே அவர் அடிமைப்பட்டோர் பக்கம் என்ற வாதம் வலுவானது. ஆனால் அயர்லாந்தின் துயரத்துக்குக் கீழ்த்திசை வெறும் முகமூடி ஆயிற்று. முகமூடிக்கென்று தனியாக ஒரு துயரம் கேட்கப்படவில்லை. அதைக் கேட்டவர் கல்கத்தாவின் ஹென்றி டெரோசியோ, 22 வயதில் வாந்திபேதியில் மாண்ட யூரேசியர். அவருக்கும் கிடைத்தது ஐரோப்பா விரும்பிய பழைய காட்சிதான்: உடன்கட்டை. ஆங்கிலக் கவிஞர் சதேயின் ‘கெஹாமாவின் சாபம்’ (1810) அதில்தான் தொடங்குகிறது. அங்கே விதவைகள் எரிகிறார்கள். உடன்கட்டையைச் சட்டம் தடுப்பதற்கு ஓராண்டு முன்பு, 1828-இல் வந்த டெரோசியோவின் ‘ஜங்கீராவின் பக்கீர்’ காவியத்தில், சிதையருகே நின்ற நளினி காதலனோடு போய்விடுகிறாள்.